இரண்டாம் முறை போகும் தெரு: வெளிநாட்டு ஊர்களை உள்ளபடி அறிய ஒரு முழுமையான வழிகாட்டி

பத்து நாளில் ஏழு ஊர். என் முதல் நீண்ட வெளிநாட்டுப் பயணத்தின் திட்டம் அப்படித்தான் இருந்தது. திரும்பி வந்த பிறகு யாராவது "ஊரெல்லாம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் ரயில் நிலையங்களும் விடுதி வரவேற்பறைகளும்தான் முதலில் ஞாபகத்துக்கு வந்தன. படங்கள் மட்டும் ஆயிரத்துக்கு மேல். அவற்றில் இருக்கும் ஒரு தேவாலயம் எந்த ஊரில் இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்தடுத்த பயணங்களில் ஒன்றைக் கவனித்தேன். மனதில் தங்கியவை எல்லாம் நான் இரண்டாம் முறை போன இடங்கள். முதல் முறை போகும்போது வழி தவறிவிடுமோ, பர்ஸ் பத்திரமா, டிக்கெட் எங்கே வாங்குவது என்று புத்தி முழுக்க வேறு வேலையில் இருக்கும். மறுநாள் அதே தெருவில் நடந்தால் கால் தானாக வழி பிடித்துக்கொள்ளும், கண்ணுக்கு ஓய்வு கிடைக்கும். அப்போதுதான் மாடி ஜன்னலில் துணி உலர்த்தும் பாட்டி தெரிவார். எதையும் மறுபடி ஒருமுறை பார்க்க நேரம் இருக்கும்படி பயணத்தை எப்படி அமைப்பது என்பதைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: ஊர்ப் பட்டியலை வெட்டுங்கள்

ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு மாற எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால் எல்லோரும் "ரயிலில் மூன்று மணி நேரம்" என்பார்கள். அந்தக் கணக்கு தப்பு. பெட்டி கட்டுவது, அறையைக் காலி செய்வது, நிலையத்துக்குப் போவது, காத்திருப்பது, பயணம், புது ஊரில் விடுதியைக் கண்டுபிடிப்பது, அறை தயாராகும்வரை பெட்டியோடு உட்கார்ந்திருப்பது என்று எல்லாம் சேர்த்தால் பாதி நாள் போய்விடும். விமானம் என்றால் முக்கால் நாள். பத்து நாளில் ஐந்து ஊர் போனால் நான்கு முறை மாற வேண்டும். இரண்டு மூன்று நாட்கள் பெட்டி இழுப்பதிலேயே கழியும்.

என் கணக்கு எளிமையானது: ஓர் ஊருக்குக் குறைந்தது நான்கு இரவுகள். பத்து நாள் இருந்தால் இரண்டே ஊர். பக்கத்து ஊர்களைப் பார்க்க ஆசை இருந்தால் காலையில் கிளம்பி இரவில் அதே அறைக்குத் திரும்புங்கள். அறை மாறாமல் இருப்பதன் அருமை மூன்றாம் நாள்தான் புரியும்.

கம்போடியாவின் பழங்காலக் கோயில் வளாகமான அங்கோரின் நுழைவுச்சீட்டைப் பாருங்கள். ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62, ஏழு நாள் சீட்டு 72. மூன்று நாள் சீட்டைப் பத்து நாட்களுக்குள் விட்டுவிட்டுப் பயன்படுத்தலாம், ஏழு நாள் சீட்டை ஒரு மாதத்துக்குள். ஒரு நாள் பார்த்து, மறுநாள் ஓய்வெடுத்து, அதற்கடுத்த நாள் திரும்பி வரச் சொல்லும் சீட்டு அது. ஆனாலும் ஒரே நாளில் அங்கோர் வாட், பாயோன், தா புரோம் மூன்றையும் ஓட்டமாக ஓடி முடித்து, மதிய வெயிலில் சோர்ந்துபோய்த் திரும்புகிறவர்கள் நிறையப் பேர்.

படி 2: அந்த ஊரின் நாட்காட்டியைப் படியுங்கள்

வானிலையைப் பார்க்காமல் யாரும் கிளம்புவதில்லை. ஊரின் நாட்காட்டியைப் பார்ப்பவர்கள் குறைவு. ஜப்பானில் ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம்வரை தொடர் விடுமுறை. நாடே ரயிலில் இருக்கும். சீனாவில் அக்டோபர் 1 முதல் ஒரு வாரமும் சந்திரப் புத்தாண்டு நாட்களும் அப்படியே. இத்தாலியில் ஆகஸ்ட் 15ஐ ஒட்டிக் குடியிருப்புப் பகுதிக் கடைகள் பல மூடிக்கிடக்கும். கடைக்காரர்கள் கடற்கரைக்குப் போயிருப்பார்கள்.

வாரக் கிழமைகளையும் பாருங்கள். பாரிஸில் லூவ்ர் செவ்வாய்க்கிழமை விடுமுறை, ஆர்சே அருங்காட்சியகம் திங்கட்கிழமை. இஸ்தான்புல்லின் பெரிய சந்தை ஞாயிறு அன்று திறக்காது. ஜெருசலேமில் வெள்ளி மாலை முதல் சனி மாலைவரை பேருந்துகள் பெரும்பாலும் ஓடாது.

இதையெல்லாம் தவிர்க்க வேண்டிய நாட்களின் பட்டியலாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ரமலான் மாதத்தில் கெய்ரோவுக்கோ இஸ்தான்புல்லுக்கோ போனால் பகல் மந்தமாகத்தான் இருக்கும், ஆனால் சூரியன் மறைந்த பிறகு ஊர் விழித்துக்கொள்ளும் விதத்தை வேறு எந்த மாதத்திலும் பார்க்க முடியாது. பாலித் தீவில் மார்ச் மாத வாக்கில் வரும் ந்யெபி என்ற மௌன நாளன்று 24 மணி நேரம் விமான நிலையமே மூடப்படும். தெருவில் யாரும் நடமாடக் கூடாது, இரவில் விளக்கு கூடாது. பயணிகளும் தங்கும் இடத்தை விட்டு வெளியே வர முடியாது. "ஒரு நாள் வீணாகிவிட்டது" என்று புலம்புகிறவர்கள் உண்டு. ஒரு தீவு முழுக்க விளக்கை அணைத்துவிட்டால் வானம் எப்படி இருக்கும் என்று பார்க்கக் கிடைத்த வாய்ப்பு அது.

படி 3: காகித வேலைகள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இதில் சுவாரசியம் ஒன்றும் இல்லை, ஆனால் தவறினால் விமான நிலையத்திலேயே கதை முடிந்துவிடும்.

பல நாடுகள் பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாதக் காலம் மீதமிருக்க வேண்டும் என்று கேட்கும். ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) நீங்கள் கிளம்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது மீதமிருக்க வேண்டும், பாஸ்போர்ட் வழங்கப்பட்டு பத்து ஆண்டுகளுக்கு உட்பட்டதாகவும் இருக்க வேண்டும். குறுகிய காலப் பயணியாக அங்கே எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு தேவை. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவின் சில நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லுபடியாகும். விசாவுக்கு அரசின் சொந்த இணையதளத்தையே தேடிப் போங்கள். தேடலில் முதலில் வருவது பல நேரங்களில் கூடுதல் காசு பறிக்கும் இடைத்தரகர்தான்.

பணம்: இரண்டு கார்டுகள், இரண்டும் வெவ்வேறு பையில். கடையிலோ ஏடிஎம்மிலோ "உங்கள் நாட்டுப் பணத்திலா, இங்குள்ள பணத்திலா?" என்று இயந்திரம் கேட்டால் எப்போதும் இங்குள்ள பணம் என்பதையே அழுத்துங்கள். மற்றதில் மாற்று விகிதம் உங்களுக்குப் பாதகமாகவே இருக்கும்.

படி 4: எங்கே தங்குவது

வரைபடத்தில் சின்னங்கள் குவிந்திருக்கும் நடுமையத்தில் தங்கினால் உங்களைச் சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் உங்களைப் போன்ற பயணிகளாகவே இருப்பார்கள். மெட்ரோவில் இருபது நிமிடம் தள்ளித் தேடுங்கள். நான் பார்க்கும் அடையாளங்கள் மூன்று: நடந்துபோகும் தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம், ஒரு காய்கறிச் சந்தை, ஒரு சலவைக் கடை. மூன்றும் இருந்தால் அங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள் என்று அர்த்தம். கடைசி மெட்ரோ எத்தனை மணிக்கு, நிலையத்திலிருந்து இரவில் நடந்து வரும் வழி வெளிச்சமாக இருக்குமா என்பதையும் பார்த்துவிடுங்கள், குறிப்பாகப் பெண்கள் தனியாகப் போகும்போது.

ஒரு நெருடல் உண்டு. "உள்ளூர்க்காரர் மாதிரி வாழுங்கள்" என்று சொல்லி வாடகைக்கு விடப்படும் வீடுகளால் பல நகரங்களில் உள்ளூர்க்காரருக்கே வீடு கிடைக்காமல் போகிறது. பார்சிலோனா நகராட்சி 2028 நவம்பருக்குள் சுற்றுலா வாடகை வீடுகளின் உரிமங்களை எல்லாம் முடித்துக்கொள்ளப் போவதாக 2024இல் அறிவித்தது இதனால்தான். முழு வீட்டை எடுப்பதை விட, உரிமையாளர் குடும்பம் நடத்தும் சிறு விடுதியோ, அவர்கள் வசிக்கும் வீட்டில் ஓர் அறையோ மேல் என்பது என் கருத்து. காலையில் பேச ஓர் ஆளும் கிடைக்கும்.

படி 5: மொழியில் ஒரு பிடி

மொழியே கற்க வேண்டியதில்லை. பத்துப் பன்னிரண்டு சொற்றொடர்கள் போதும். வணக்கம், நன்றி, மன்னிக்கவும், எவ்வளவு, ஒன்று முதல் பத்துவரை எண்கள். இவற்றோடு பயண நூல்கள் அவ்வளவாகச் சொல்லித்தராத ஒரு வாக்கியத்தையும் கற்றுக்கொள்ளுங்கள்: "இதை உங்கள் மொழியில் என்னவென்று சொல்வீர்கள்?" எதையாவது கையில் பிடித்துக்கொண்டு இதைக் கேட்டுப் பாருங்கள். சந்தையில் இருக்கும் நான்கு பேரும் வாத்தியாராகிவிடுவார்கள். உச்சரிப்பைத் திருத்துவார்கள், சிரிப்பார்கள், திரும்பச் சொல்லச் சொல்வார்கள். விலை கேட்டால் அவர்கள் விற்பவர், நீங்கள் வாங்குபவர், அதோடு சரி. பெயர் கேட்டால் கதையே வேறு.

வணக்கத்தை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரான்ஸில் கடைக்குள் நுழைந்ததும் "போன்ஷூர்" சொல்லாமல் நேராகக் கேள்வி கேட்டால் அது மரியாதைக் குறைவு. "பாரிஸ்காரர்கள் சிடுசிடுப்பவர்கள்" என்ற புகாரில் பாதி இந்த ஒரு சொல்லை விட்டுவிட்டதால் வந்தது என்பது என் சந்தேகம்.

எழுத்து வேறாக இருக்கும் நாடு என்றால், முடிந்தால் எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். கொரிய எழுத்தில் அடிப்படை எழுத்துகள் 24தான். 1446இல் மன்னர் செஜோங் அதை வெளியிட்டதே பாமர மக்களும் சுலபமாகப் படிக்க வேண்டும் என்பதற்காக. ஓரிரு நாள் உட்கார்ந்தால் தட்டுத்தடுமாறிப் படிக்க வந்துவிடும். படிக்க வந்ததும் பெயர்ப்பலகைகளில் பாதி "காபி", "டாக்ஸி", "பஸ்" மாதிரியான சொற்கள்தான் என்று தெரியவரும், அதுவரை மிரட்டிக்கொண்டிருந்த தெரு சட்டென்று சாதுவாகிவிடும்.

மொழிபெயர்ப்புச் செயலியை இணையம் இல்லாமலும் வேலை செய்யும்படி முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். மருந்துக்கடையிலும் ரயில் நிலையத்திலும் அது கைகொடுக்கும். ஆனால் பேச்சைத் தொடங்கும்போது போனை நீட்ட வேண்டாம், வாயைத் திறங்கள்.

படி 6: முதல் நாளில் எதையும் "பார்க்க" வேண்டாம்

பல நேர மண்டலங்களைத் தாண்டி வந்த உடம்பு முதல் நாள் உங்கள் பேச்சைக் கேட்காது. மேற்கே போவதை விடக் கிழக்கே போகும்போது இது இன்னும் கடினம். நம் உடலின் கடிகாரம் 24 மணி நேரத்தை விடச் சற்றே நீளமாக ஓடுவது, அதனால் நாளை நீட்டுவது எளிது, சுருக்குவது கடினம். பகல் வெளிச்சத்தில் வெளியே இருங்கள், ஊர் நேரத்துக்குத் தூங்குங்கள், முக்கியமான இடம் எதையும் அன்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

அன்றைக்கு ஊரின் வடிவத்தை உடம்பில் ஏற்றிக்கொண்டால் போதும். டோக்கியோவில் யமானோதே ரயில் வட்டமாக ஓடுகிறது. முப்பது நிலையங்கள், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். அலுவலகக் கூட்டம் இல்லாத நேரத்தில் ஏறி உட்கார்ந்தால் நகரம் உங்களைச் சுற்றி வரும். இஸ்தான்புல்லில் எமினோனுவிலிருந்து ஆசியக் கரையின் காடிகோய்க்குப் படகு ஏறுங்கள். இருபது நிமிடப் பயணம். வேலைக்குப் போகிறவர்கள் சிறு கண்ணாடிக் குவளையில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள், யாராவது சிமித் ரொட்டியைப் பிய்த்துக் கடற்காக்கைகளுக்கு எறிவார்கள். அந்தப் படகுப் பயணத்துக்கு இணையான சுற்றுலாப் படகு எதையும் நான் பார்த்ததில்லை. லிஸ்பனின் 28ஆம் எண் டிராமும் இந்த வகைதான், ஆனால் அதில் இப்போது உள்ளூர்க்காரர்களுக்கே இடம் கிடைப்பதில்லை. வேறு எண்ணில் ஏறுங்கள், மலைச்சரிவு எல்லாத் தடத்திலும் உண்டு.

மாலையில் அறையைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் நடங்கள். ஒரு தேநீர்க் கடையை, ஒரு ரொட்டிக் கடையை, உட்கார ஒரு பெஞ்சைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த நான்கு நாட்களுக்கு இவைதான் உங்கள் நங்கூரம்.

படி 7: திரும்பிப் போங்கள்

அந்தத் தேநீர்க் கடைக்கு மறுநாளும் அதே நேரத்துக்குப் போங்கள். அதற்கு மறுநாளும். முதல் நாள் நீங்கள் ஒரு பயணி. இரண்டாம் நாள் கடைக்காரர் லேசாகத் தலையசைப்பார். மூன்றாம் நாள் நீங்கள் கேட்பதற்கு முன்பே கோப்பை வந்துவிடும், கூடவே "எங்கிருந்து வருகிறீர்கள்?" என்ற கேள்வியும். உலகில் இதற்கு விதிவிலக்கான ஊர்கள் இருக்கலாம், எனக்கு இதுவரை ஒன்றும் அகப்படவில்லை.

பெரிய இடங்களுக்கும் இதேதான். கியோத்தோவின் ஃபுஷிமி இனாரி கோயில் இரவும் பகலும் திறந்தே இருக்கும், நுழைவுக் கட்டணம் இல்லை. முற்பகலில் போனால் செந்நிற வாயில்களுக்குக் கீழே தோளோடு தோள் உரச நகர வேண்டும். மறுநாள் காலை ஆறு மணிக்குப் போங்கள், பறவைச் சத்தம் கேட்கும். இரவில் மூன்றாம் தடவை போனால் அது முற்றிலும் வேறு இடம். எந்த நேரத்தில் போனாலும், மலைமேல் ஏற ஏறக் கூட்டம் கரைந்துகொண்டே வரும்.

அருங்காட்சியகங்களில் நாம் செய்யும் பெரிய தவறு எல்லா அறைகளையும் பார்த்துவிட நினைப்பது. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு கண் பார்க்கும், மனம் பதியாது. மாட்ரிடின் பிராடோவில் தினமும் கடைசி இரண்டு மணி நேரம் அனுமதி இலவசம். வரிசை இருக்கும், சீக்கிரமே போய் நில்லுங்கள். இலவசம் என்பதால் "கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்" என்ற பதற்றம் கிடையாது. ஒரு மாலை வெலாஸ்கெஸ் 1656இல் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' முன்னால் மட்டும் இருபது நிமிடம் நில்லுங்கள். இன்னொரு மாலை திரும்பி வந்து அதையே பாருங்கள். பின்புறச் சுவரில் இருக்கும் சிறு கண்ணாடியில் அரசரும் அரசியும் தெரிவது முதல் முறை பலர் கண்ணில் படுவதில்லை.

படி 8: மனிதர்களைச் சந்திப்பது

"உள்ளூர் மக்களோடு பழகுங்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள், எப்படி என்று சொல்வதில்லை. வேலையும் வீடுமாக இருப்பவர்கள் ஒரு பயணியோடு ஏன் பழக வேண்டும்? சேர்ந்து செய்ய ஒரு வேலை இருந்தால் மட்டுமே பழக்கம் வரும்.

சில வழிகள். 2004இல் லண்டனின் புஷி பூங்காவில் தொடங்கிய பார்க்ரன் இன்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. சனிக்கிழமை காலை ஐந்து கிலோமீட்டர், கட்டணம் இல்லை, ஓடலாம், நடக்கலாம். ஒருமுறை இணையத்தில் பதிந்துகொண்டால் எந்த ஊரிலும் கலந்துகொள்ளலாம். முடிந்ததும் பல இடங்களில் எல்லோரும் காபி குடிக்கப் போவார்கள். அங்கேதான் பேச்சு. இன்னொன்று, 1992இல் நியூயார்க்கில் லின் புரூக்ஸ் தொடங்கிய 'பிக் ஆப்பிள் கிரீட்டர்': அந்த ஊர்வாசி ஒருவர் தன் பேட்டையைக் கட்டணமின்றிச் சுற்றிக்காட்டுவார். அந்த மாதிரியைப் பார்த்துப் பல நாடுகளின் நகரங்களில் இப்படிக் குழுக்கள் உருவாயின. சில வாரம் முன்பே எழுதிக் கேட்க வேண்டும்.

இவை எதுவும் தோதுப்படவில்லை என்றால் முடி வெட்டிக்கொள்ளுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அரை மணி நேரம் ஒருவர் உங்கள் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது இருவருக்கும் பேசுவதைத் தவிர வேறு வழியில்லை. முடி கொஞ்சம் கோணலாக வந்தாலும் வளர்ந்துவிடும்.

எச்சரிக்கையும் வேண்டும். நான் வைத்திருக்கும் அளவுகோல்: நான் தேடிப் போன ஆளா, என்னைத் தேடி வந்த ஆளா? சுற்றுலாத் தலத்தில் தானாக வந்து நட்பு பாராட்டி, "பக்கத்தில் ஒரு தேநீர்க் கடை இருக்கிறது, வாருங்கள்" என்பவரிடம் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் இப்படிக் கூட்டிப்போய்ப் பெரிய பில்லை நீட்டும் மோசடி வெகுகாலமாக நடக்கிறது.

படி 9: சாப்பாடு

என்ன சாப்பிடுவது என்பதை விட எப்போது என்பது முக்கியம். ஸ்பெயினில் மதிய உணவு இரண்டு மணிக்கு மேல், இரவு உணவு ஒன்பதுக்கு மேல். ஏழு மணிக்கே போய் உட்கார்ந்தால் சுற்றிலும் பயணிகள் மட்டும்தான் இருப்பார்கள். ஊரின் நேரத்துக்கு உங்கள் பசியை நகர்த்துங்கள். படம் போட்ட, ஆறு மொழியில் அச்சிட்ட மெனு இருந்தால் அடுத்த கடை. ஏதாவது ஒவ்வாமை இருந்தால் அதை அந்த ஊர் மொழியில் ஒரு அட்டையில் எழுதிக் கையோடு வைத்திருங்கள்.

படி 10: கேமராவைக் கட்டுப்படுத்துங்கள்

2014இல் வெளியான ஓர் ஆய்வில் உளவியலாளர் லிண்டா ஹெங்கல், அருங்காட்சியகத்துக்கு அழைத்துவரப்பட்ட மாணவர்களிடம் சில பொருட்களைப் படமெடுக்கவும் சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொன்னார். மறுநாள் கேட்டபோது முழுதாகப் படமெடுத்த பொருட்கள் அவர்களுக்குக் குறைவாகவே நினைவிருந்தன. ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாகப் பார்த்து எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. ஆகவே படமே கூடாது என்பதில்லை. முதல் முறை பாருங்கள், இரண்டாம் முறை போகும்போது எடுங்கள். என்ன எடுக்க வேண்டும் என்பது அதற்குள் தெரிந்திருக்கும்.

மனிதர்களைக் கேட்காமல் எடுக்காதீர்கள். கியோத்தோவின் கியோன் பகுதியில் வேலைக்குப் போகும் கெய்ஷா எனும் மரபுக் கலைஞர்களைப் பயணிகள் துரத்தித் துரத்திப் படமெடுத்ததன் விளைவாக, 2024இல் அங்குள்ள தனியார் சந்துகளில் பயணிகள் நுழையத் தடை வந்தது. பள்ளிக்கூடங்களையும் குழந்தைகள் இல்லங்களையும் "பார்வையிட" அழைத்துப்போகும் சுற்றுலாக்களை அடியோடு தவிர்த்துவிடுங்கள்.

படத்துக்குப் பதில் ஒரு சின்ன நோட்டு. படுக்கப் போகும் முன் ஐந்து வரி: அன்று மூக்கில் ஏறிய ஒரு வாசனை, கற்ற ஒரு சொல், ஏதாவது ஒன்றின் விலை, செய்த ஒரு தப்பு, பேசிய ஒரு மனிதர். பத்து வருடம் கழித்து எடுத்துப் பார்க்கும்போது விலைதான் மிகவும் சுவாரசியமாக இருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை.

படி 11: மூன்றாம் நாள் சோர்வு

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஒரு மதியத்தில் எல்லாம் அலுத்துப்போகும். கால் வலிக்கும், யாரும் பேசுவது புரியாது, எதற்கு இங்கே வந்தோம் என்று தோன்றும். தனியாகப் போனவர்களுக்கு இன்னும் அதிகம். அன்றைய திட்டத்தைக் கிழித்துப் போடுங்கள். துணி துவைக்கும் கடைக்குப் போய் இயந்திரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருங்கள், அல்லது குறித்துவைத்த அந்தப் பெஞ்சில் போய் உட்காருங்கள். எனக்கு இந்த மாதிரி மதியங்கள்தான் பின்னால் அதிகம் நினைவுக்கு வந்தன, உட்கார்ந்திருந்தபோது சலிப்பாகத்தான் இருந்தது என்றாலும்.

படி 12: கடைசி நாள்

கடைசி நாளில் புது இடம் வேண்டாம். பெட்டியை முந்தின இரவே கட்டிவிடுங்கள். காலையில் அந்தத் தேநீர்க் கடைக்குப் போய், மிச்சமிருக்கும் சில்லறையை எல்லாம் அங்கேயே செலவழித்துவிட்டு, "இன்று கிளம்புகிறேன்" என்று அவர்கள் மொழியில் சொல்லுங்கள். அந்த வாக்கியத்தை முந்தின இரவே பயிற்சி செய்துகொள்ளுங்கள், உச்சரிப்பு எப்படியும் தப்பாகத்தான் வரும். கடையின் முகவரியை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் திரும்பிய முதல் வாரத்திலேயே ஒரு அஞ்சல் அட்டை போட்டுவிடுங்கள், தள்ளிப்போட்டால் போடவே மாட்டீர்கள்.